எந்தக் கையால், மாமா?

சவரிமுத்துவை ஆலைக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தவன் நீ. இதை நான் சந்தேகமாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறேன். தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் தீராமல் நீ பிரான்சுக்குக் கப்பல் ஏறக்கூடாது.

பெற்ற பிள்ளைக்கு எழுதுவதைப் பத்திரிகையில் போடுகிற தாயைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வா என்று ஆள் அனுப்பினேன், நீ வரவில்லை. மேத்ருவின் வீட்டுக்கே வந்தேன். நீ தங்கித் தொழில் பழகும் வக்கீலை நீங்கள் எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறீர்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நீ வெளியே போயிருப்பதாகச் சமையற்காரர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் கிடந்த உன் செருப்பைப் பார்த்தார். அதனால்தான் நீ காலையில் காப்பியோடு படிக்கும் இந்தப் பத்திரிகைக்கு வந்திருக்கிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. சவரியின் பெயரைப் போடலாமா என்று அவனையே கேட்டேன். "போடுங்க அக்கா. கையே போயிடுச்சு, பேரை வச்சிக்கிட்டு என்னா பண்ணப் போறேன்" என்றான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சவரி முதலியார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு. நீ நடை பழகிய நாளிலிருந்து அவனை மாமா என்றுதான் கூப்பிடுகிறாய். ஆலையில் பஞ்சின் சிக்கெடுக்கும் யந்திரத்தில் அவனுக்கு வேலை. அந்த யந்திரத்தின் பல் உருளைக்கு மேலே ஓர் இரும்பு மூடி உண்டு. மூடி இருந்தால், பஞ்சு அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் யந்திரத்தை நிறுத்தித்தான் அதை எடுக்க முடியும். மூடி இல்லாவிட்டால் ஓட ஓடவே எடுத்துவிடலாம். ஒரு நாள் அந்த மூடி கழற்றப்பட்டது. அன்றே சவரியின் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. யார் கழற்றச் சொன்னார்கள் என்பதுதான் இப்போது நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு. ஆலை சொல்லித்தான் கழற்றினான் என்றால் அவனுக்கு நஷ்டஈடு உண்டு. தானாகக் கழற்றினான் என்றால் அவனுக்கு ஒன்றும் இல்லை.

யார் சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியும். சவரியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் அவன் மனைவி ஆரோக்கியம் நம் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்போது கோவிந்தன் மேஸ்திரி வந்தார். உள்ளே வரக் கூசி நிலைப்படியிலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் கழட்டச் சொன்னேன் அக்கா. மெஷின் நிக்கக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு. நான் சொல்லலன்னா என்னைத் தூக்கிடுவாங்க. பாவி நான் சொல்லிட்டேன்" என்றார். ஆரோக்கியம் கேட்டாள், நான் கேட்டேன், செய்தி தெரிந்து வந்திருந்த நீயும் கேட்டாய். அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தவனே நீதான். இப்போது அதே மேஸ்திரி, தான் எந்த உத்தரவும் போடவில்லை என்று சொல்லப்போகிறாராம். ஆலை அவருக்கு மூலக்குளத்தில் வீடு பார்த்துக் கொடுத்துக் குடிவைத்திருக்கிறது. நான் தெருவில் எதிரே வந்தால் அவர் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார்.

நீ சட்டம் படித்தது உன் அப்பாவின் ஆசை, என்னுடையது அல்ல. அதற்கு ஒரு காரணம் இருந்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு வேலித் தகராறில் சாட்சி சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். கோயிலுக்குப் போவதுபோல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். வேலியை முதலில் யார் நட்டது, எந்த மழையில் சாய்ந்தது, பிறகு யார் தள்ளி நட்டது என்று விலாவாரியாகச் சொன்னாராம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் துபாசி நீதிபதியின் பக்கம் திரும்பி, பிரெஞ்சில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். உன் அப்பா வீட்டுக்கு வந்ததும் வேட்டியைக்கூட மாற்றவில்லை. "நான் அவ்வளவு நேரம் பேசினேன்டி. அந்த ஆளு அதை ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு நசுக்கிட்டான். நம்ம வீட்லேர்ந்து ஒருத்தன் அங்க போய் நிக்கணும். நம்ம ஆளு பேசினதை முழுசா அந்தப் பக்கம் சொல்லணும்" என்றார். காய்ச்சலில் போவதற்கு முந்தைய வாரம்கூட அதைத்தான் சொன்னார். உனக்கு அது நினைவிருக்கும். நினைவில்லை என்று சொல்லிவிடாதே.

சட்டப் பள்ளியில் படித்தால் மட்டும் போதாது, ஒரு வக்கீலின் அறையில் உட்கார்ந்து தொழில் பழக வேண்டும், அதற்கு ஸ்தாஜ் என்று பெயர் என்று நீ சொன்னாய். நம் தெருப் பையனை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று நாம் எத்தனை வாசல் ஏறினோம். வாய்க்காலுக்குக் கிழக்கே, பெரிய மனிதர்கள் பக்கம் இருந்த ஒவ்வொரு வக்கீல் வீட்டிலும் உன் தாத்தாவின் பெயரைக் கேட்டார்கள், எந்தக் குடும்பம் என்று கேட்டார்கள், மாதா கோயிலில் எந்த வரிசையில் உட்காருவோம் என்பதைக்கூட ஒருவர் கேட்டார். கடைசியாக இந்த மேத்ருவிடம் போனோம். ஊரிலேயே பெரிய வக்கீல், ஆலைக்கும் அவர்தான் வக்கீல். அவர் ஒருவர்தான் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உன் பரீட்சைக் காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ஆலைக்குப் பின்பக்கமா? அங்கே எல்லோரும் ஆலையில்தானே வேலை செய்கிறார்கள்?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்தபடி உன் தோளில் கை வைத்து, நாளையே வரச் சொன்னார். வெளியே வந்ததும் நீ என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பார்த்தியா, இவரு ஜாதி கீதி பார்க்கல" என்றாய். உண்மைதான், அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் எதைப் பார்த்தார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அந்த அறையில் நடந்த காலைப் பாடத்தைப் பற்றி நீ எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். தினமும் மேத்ரு காப்பி குடிக்கும்போது, பழகுகிற பையன்களில் ஒருவன் எழுந்து நின்று, தன் தெருவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். வாதாடப் பழகுவதற்காக என்றாய். கருத்து கூடாது, யார் என்ன செய்தார்கள் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். கை செய்ததைச் சொல், வாய் சொன்னதை விட்டுவிடு என்பது மேத்ருவின் சட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அதை எனக்குச் செய்துகாட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா?

"எதையாவது சொல்லும்மா. நான் சுருக்கிக் காட்றேன்."

"என்னத்தைச் சொல்ல? நேத்து மீன் கடையில தனம் கூடையைத் தூக்கி அந்தோணியம்மா மேல வீசிட்டா."

"ஏன்?"

"தனத்தோட செத்துப்போன பிள்ளையைச் சொல்லி அந்தோணியம்மா ஏசினா. பெத்தவ பொறுப்பாளா?"

நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, பிரெஞ்சில் ஏதோ சொன்னாய். பிறகு தமிழில் சொன்னாய்: "ஒருத்தி இன்னொருத்தி மேல கூடையை வீசினா. அவ்வளவுதான்."

"அடப்பாவி, பிள்ளையைச் சொன்னது எங்கடா போச்சு?"

"அது வாய் சொன்னதும்மா. கணக்குல வராது."

"அப்ப தனம்தான் ரவுடின்னு ஆயிடுதே!"

"சட்டத்துக்கு அப்படித்தான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும் சிரித்தாய். இப்போது நினைத்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஏனென்றால், நம் தெருவில் கை மட்டும் தானாக ஒன்றும் செய்வதில்லை. யாரோ சொல்கிறார்கள், இவர்கள் செய்கிறார்கள். சொல்கிறவன் கையில் அழுக்கு ஒட்டுவதே இல்லை. வாய் சொன்னதை எல்லாம் விட்டுவிட்டால் இந்த ஊரில் எந்த முதலாளியும் எந்தத் தப்பும் செய்ததாக ஆகாது. குற்றவாளிக் கூண்டு முழுவதும் கூலிக்காரர்களின் கைகளே நிறைந்திருக்கும். அப்படி ஒரு சட்டத்தைக் காப்பி குடித்துக்கொண்டே சொல்லித்தருகிறார் ஒருவர், அதை என் பிள்ளை நிமிர்ந்து நின்று ஒப்பிக்கிறான்!

சவரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ அடிக்கடி வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். அதற்கு முன்பு பண்டிகைக்கு வந்தால் பெரிது. இப்போது வாரம் தவறாமல் வந்தாய். மேத்ரு கொடுத்தார் என்று பிஸ்கோத்து டப்பா கொண்டுவந்தாய். சாப்பிட்டதும் நேராகச் சவரியின் வீட்டுக்குப் போய்க் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். பிள்ளைக்கு மாமன் மேல் எவ்வளவு பாசம் என்று ஆரோக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நாள் நான் அவர்களுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே உன் குரல் கேட்டது. "மூடியைக் கழட்டினது எந்தக் கையால, மாமா?" என்று கேட்டாய். சவரி, "இந்தக் கையாலதான் தம்பி. மேஸ்திரி சொன்னாரு, கழட்டினேன். கழட்டின கையையே அது தின்னுடுச்சு" என்றான். அது என்ன கேள்வி என்று நம் வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "சும்மாதான்மா" என்றாய். சும்மா கேட்கிற கேள்வியா அது? கையை இழந்தவனிடம் வலிக்கிறதா என்று கேட்பார்கள், தூக்கம் வருகிறதா என்று கேட்பார்கள். எந்தக் கையால் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் இரண்டாம் முறை கேட்டது நீதிமன்றத்தில். நானும் ஆரோக்கியமும் பின் பெஞ்சில் இருந்தோம். நீ முன்னால், மேத்ருவின் முதுகுக்குப் பின்னால், காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தாய். மேத்ரு எழுந்து பிரெஞ்சில் கேட்டார். துபாசி தமிழில் சொன்னார்.

"மூடியைக் கழற்றியது யார்?"

"நான்தான் சாமி. ஆனா மேஸ்திரி..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுப்பா. எந்தக் கையால் கழற்றினாய்?"

சவரி நீதிபதியைப் பார்க்கவில்லை. மேத்ருவையும் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தான். நீ உடனே காகிதத்தைப் புரட்டினாய். அதில் ஒன்றும் தேடவில்லை, புரட்ட மட்டும் செய்தாய். சவரி மொட்டைக் கையை மெல்லத் தூக்கி, "இதாலதான்" என்றான். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். துபாசி நீதிபதியின் பக்கம் திரும்பி மிகச் சிறியதாக ஒன்று சொன்னார். எழுத்தர் எழுதிக்கொண்டார். மேஸ்திரி என்ற சொல் சவரியின் வாயிலிருந்து வந்தது, அந்த அறையைத் தாண்டி எங்கும் போகவில்லை. உன் அப்பா சொன்ன கொட்டைப்பாக்கை அன்று நானே கண்ணால் பார்த்தேன். நசுக்கியவர்களோடு உட்கார்ந்திருந்தவன் என் மகன்.

இதற்கு நீ என்ன பதில் வைத்திருப்பாய் என்று நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. நம் அடுப்படியில் கேட்டதைக் காலைப் பாடத்தில் சும்மா சொன்னேன், அதை அவர் இப்படிப் பயன்படுத்துவார் என்று தெரியாது என்பாய். இருக்கலாம். பாடம் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் தெருத் தெருவாகச் செய்தி சேர்க்கிற மனிதர் அவர் என்றே நினைக்கிறேன். சாராயக் கடைக்காரருடைய மகன் ஒருவனும், ரெட்டியார்பாளையத்துப் பண்ணை ஆள் மகன் ஒருவனும் அங்கே பழகுகிறார்களாம். அவர்களையும் எந்தத் தெரு என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் நீ முதலில் சொன்னது பாடம் என்றே வைத்துக்கொண்டாலும், பிறகு வாராவாரம் வந்து கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாயே, அது என்ன பாடம்? அந்தப் பிஸ்கோத்து எதற்கு? என் பிள்ளையைப் பற்றி இப்படி நினைக்க வைத்துவிட்டாயே என்ற கோபம் எனக்கு உன் மேல்தான் இருக்கிறது, அவர் மேல்கூட இல்லை. அவர் யார் என்பதை அவர் மறைக்கவே இல்லை.

கப்பல் விஷயமும் எனக்குப் பிடிபடவில்லை. மேல்படிப்புக்குப் பிரான்சுக்குப் போக மேத்ரு சிபாரிசு செய்திருக்கிறார், சந்தோஷம். கல்லூரி திறக்க மாதக்கணக்கில் இருக்கிறது என்று நீயேதான் முன்பு சொன்னாய். இப்போது சவரியின் வழக்கு மறுபடி வருவதற்கு முந்தைய வாரம் கப்பல் என்கிறாய். அடுத்த கப்பலே இல்லையா? அந்தத் தேதியைக் குறித்தது நீயா, அவரா? சவரிக்காக நீதிமன்றம் ஏற்பாடு செய்த வக்கீல் சின்னப் பையன், மரியாதையாகப் பேசுகிறார். நான் சாட்சி சொல்கிறேன் என்று அவரிடம் போனேன். "சொல்லுங்கம்மா. ஆனா எதிர்த்தரப்புல ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. அங்க உங்க மகனும் இருந்தாரே, அவர் ஏன் வரலைன்னு. அதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?" என்றார். அங்கிருந்து வந்ததும்தான் உனக்கு ஆள் அனுப்பினேன். ஆரோக்கியம் இப்போது சவரிக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டுத் தண்ணீர்க் குடம் சுமக்கப் போகிறாள். அவர்களுக்கு இனி அந்த வழக்கைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு நீதிமன்றப் படியில் நான் உன்னை மறித்தேன். "யாருடா அதைக் கேக்கச் சொன்னது?" என்றேன். நீ சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாய். "அம்மா, நான் சத்தியம் பண்ணியிருக்கேன். அறையில நடக்கறதை வெளிய சொல்லக் கூடாது. தொழில் தர்மம். உனக்குப் புரியாது" என்றாய். அதற்குள் மேத்ரு உன்னைக் கூப்பிட்டார். நீ ஓடிப்போய்க் குடையை விரித்து, ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் அவர் ஏறும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் வெயிலிலேயே நின்றிருந்தேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் சத்தியத்தைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அந்த அறையில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்றால், என் அடுப்படியில் கேட்டதை அந்த அறையில் சொல்லலாம் என்று யார் சொன்னது? மேத்ருவின் சுவருக்கு ரகசியம் உண்டு, நம் சுவருக்கு இல்லையா? கோவிந்தன் மேஸ்திரி அழுதது அவருடைய அறையில் அல்ல, என் நிலைப்படியில். அதைச் சொல்ல எந்தச் சத்தியமும் உன்னைத் தடுக்காது.

இதைப் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வக்கீலின் அறையில் பழகப் போகும்போது நீங்கள் அவருக்குக் காகிதம் காட்டினால் மட்டும் போதாது. நீங்களும் அவரைக் கேளுங்கள். இந்த அறை யாருக்காக வாதாடுகிறது, எங்கள் தெரு ஆள் எதிரே நின்றால் நான் எங்கே நிற்க வேண்டும் என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் இடம் கிடைக்காது என்று பயமாக இருக்கும். இந்த ஊரில் பழகுகிற இடம் எல்லாமே முதலாளிகளின் வாசல் வழியாகத்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அப்படி இருப்பதே தற்செயல் அல்ல என்றுதான் சந்தேகப்படச் சொல்கிறேன். உங்கள் தெருவின் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவரிடம் மட்டும் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

உனக்குச் சொல்வது இதுதான். கப்பலை விடு. வழக்கு நாளன்று வா. மேத்ருவின் பின்னால் உட்கார வேண்டாம், சாட்சி நிற்கிற இடத்தில் வந்து நில். மேஸ்திரி அன்று சொன்னதை நீ கேட்டபடியே சொல், துபாசிக்கு வேலை வைக்காமல் பிரெஞ்சிலேயே முழுசாகச் சொல். அதற்குத்தான் உன் அப்பா உன்னைப் படிக்கச் சொன்னார். மேத்ரு உன்னை வெளியே அனுப்புவார். அனுப்பட்டும். நம் வீட்டில் உன் பாய் அங்கேயேதான் இருக்கிறது.

வர மாட்டாய் என்றால், ஒன்றை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போ. இந்தக் கடிதத்தை அச்சுக்கோத்ததும் பத்திரிகைக்காரர் ஒரு பிரதியை உனக்கு அனுப்பி, உன் பதிலையும் இதன் கீழேயே போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பதில் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு எதையும் போட வேண்டாம், வெறுமையாகவே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

எந்தக் கையால் மாமா என்று சவரியைக் கேட்கும்படி உன்னிடம் சொன்னது யார்? அவர்தான் என்றால் அவர் பெயரை எழுது. நீயாகவே கேட்டாய் என்றால் உன் பெயரை எழுது.